'மாணவர்களிடையே மோதல்' என்னும் தலைப்பைப் பற்றி

பள்ளியில் ஒரு மாணவரைச் சிலர் சேர்ந்து நாள்தோறும் துன்புறுத்துகிறார்கள். பல வாரங்கள் கழித்து ஒருநாள் அது வெளிப்படையான வன்முறையாகிறது. மறுநாள் நாளிதழில் வரும் தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: 'மாணவர்களிடையே மோதல்'. மொழியியல் படித்த பழக்கத்தால் நான் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவதாக நண்பர்கள் எண்ணக்கூடும். ஆயினும், பள்ளிகளில் நடக்கும் வதையை உரிய நேரத்தில் அடையாளம் காண நாம் தவறுவதற்கு நம் கையில் உள்ள சொற்களும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். அதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல முயல்கிறேன்.

நாங்குநேரியிலிருந்து தொடங்கலாம். 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, பன்னிரண்டாம் வகுப்பு படித்துவந்த பட்டியல் சாதி மாணவர் ஒருவர் அங்கே தம் வீட்டிலேயே வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதைக் கண்ட முதிய உறவினர் ஒருவர் மயங்கி விழுந்து இறந்தார். வழக்கில் பிடிபட்டவர்கள் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். வள்ளியூரில் அம்மாணவர் படித்த பள்ளியோடு தொடர்புடைய ஆதிக்க சாதி மாணவர்கள். இவை அனைவரும் அறிந்த செய்திகள். அதற்கு முன் நடந்தவற்றை நாம் அவ்வளவாக நினைவில் வைத்திருக்கவில்லை. அவரைக் கடைக்கு அனுப்பிச் சிகரெட் வாங்கிவரச் செய்தார்கள். பணம் பறித்தார்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள். அவர் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தினார். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தபோதுதான் வாய்திறந்தார். அதன்பின் வெட்டு விழ அதிக நேரம் ஆகவில்லை.

அந்த வெட்டுக்குப் பெயர் உண்டு. கொலை முயற்சி என்கிறோம், சாதி வெறி என்கிறோம். முந்தைய வாரங்களில் நடந்ததற்கு என்ன பெயர்? ஓர் ஆசிரியர் அதைக் கண்ணால் கண்டிருந்தால் எந்தச் சொல்லில் அதைத் தலைமையாசிரியரிடம் சொல்லியிருப்பார்? நம்மிடம் உள்ள சொற்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதல் வகை, இருபுறச் சொற்கள். மோதல், சண்டை, தகராறு, பிரச்சினை. 'அடித்துக்கொண்டார்கள்', 'திட்டிக்கொண்டார்கள்' என்று பன்மை எழுவாயோடு 'கொள்' துணைவினை வரும்போது, செயல் இரு திசையிலும் நிகழ்ந்ததாகப் பொருள் கிடைக்கிறது. யார் தொடங்கியது, யாரால் திருப்பி அடிக்க இயலாது என்பவை அந்த வாக்கியத்தில் இடம்பெற வழியே இல்லை. நான் வாழும் ஐதராபாத்தின் தெலுங்கிலும் 'கொட்டுகுன்னாரு' என்பது இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் தெலுங்குச் செய்தித்தாள்களில் 'வேதிம்புலு' என்ற சொல் அன்றாடம் புழங்குகிறது. துன்புறுத்தல் என்பது அதன் பொருள். அச்சொல்லைக் கேட்டவுடன் யார், யாரை என்ற இரு கேள்விகள் எழுகின்றன. 'மோதல்' என்ற சொல் அக்கேள்விகளை எழுப்புவதில்லை.

இரண்டாம் வகை, விளையாட்டுச் சொற்கள். கேலி, கிண்டல், நக்கல், கலாய்த்தல், ஓட்டுதல், வம்பிழுத்தல். இவை சமமான நண்பர்களுக்கு இடையிலும் புழங்கும் சொற்கள் என்பதே சிக்கல். 'சும்மா கலாய்ச்சோம் சார்' என்று துன்புறுத்தியவர் சொல்லும்போது, தம் செயலை நட்பின் பக்கம் நகர்த்திவிடுகிறார். துன்பப்பட்டவரும் 'என்னைக் கலாய்க்கிறாங்க' என்றே சொல்ல நேர்வதால், அவருடைய முறையீடு அவர் வாயாலேயே சிறுத்துப்போகிறது. வகுப்பறையில் அதைக் கேட்கும் ஆசிரியர் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவதில் வியப்பில்லை.

மூன்றாம் வகை, சொல்பவரைக் குற்றவாளியாக்கும் சொற்கள். கோள் சொல்லுதல், போட்டுக்கொடுத்தல், அழுமூஞ்சி. தமிழ்க் குழந்தை சிறுவயதிலேயே கற்கும் நீதிகளுள் ஒன்று, கோள் சொல்லக் கூடாது என்பது. அந்த நீதிக்கு அதற்குரிய இடம் உண்டு. ஆனால் தனக்கு நேரும் கொடுமையை ஆசிரியரிடம் தெரிவிப்பதற்கும் பிறர்மீது கோள் மூட்டுவதற்கும் வேறுபாடு உண்டு என்று எந்தப் பாடமும் தனியே சொல்லித் தருவதில்லை.

இம்மூன்று வகைக்கும் வெளியே ஒரு சொல் பிள்ளைகளின் பேச்சில் இருக்கிறது: 'டார்ச்சர்'. 'அவனுங்க டார்ச்சர் பண்றாங்க' என்று ஒரு பிள்ளை சொன்னால், அதில் செய்பவர் உண்டு, செய்யப்படுபவர் உண்டு, தொடர்ச்சியும் உண்டு. பெரியவர்களின் சொற்களில் இல்லாத தெளிவு அந்தக் கடன்சொல்லில் இருக்கிறது. நாமோ அதை மிகைப்பேச்சு என்று ஒதுக்குகிறோம்.

சொல் மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நம் சட்ட வரலாறே விடை தரும். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அதுவரை 'சீனியர்களின் குறும்பு' என்று பேசப்பட்டது ராகிங் என்ற குற்றமாயிற்று. 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் உயிரிழந்தபின், 1998இல் இலங்கையிலும் சட்டம் வந்தது. 'பகிடிவதை' என்ற ஈழத்துச் சொல் பகிடியையும் வதையையும் ஒன்றாகக் கட்டி, சிரிப்புக்குள் இருக்கும் கொடுமையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி சரிகா ஷா இறந்ததை அடுத்து இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரில் 'ஈவ் டீசிங்' என்ற சொல் இருந்தது. 2002இல் அச்சட்டத்தின் பெயரே மாற்றப்பட்டு, பெண்களைத் துன்புறுத்துதல் என்றாயிற்று. சீண்டல் வேறு, துன்புறுத்தல் வேறு என்பதைச் சட்டமன்றம் நான்கே ஆண்டுகளில் உணர்ந்தது. அண்மைக் காலத்தில் 'உருவக்கேலி' என்ற சொல் ஊடகங்களில் பரவியபின், 'குண்டு' என்றும் 'கறுப்பு' என்றும் அழைப்பதை நகைச்சுவை என்று சொல்லித் தப்புவது முன்புபோல் எளிதாக இல்லை.

தமிழ்நாட்டின் ராகிங் தடைச் சட்டத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஒரு மாணவர் இயல்பாக, விருப்பத்தோடு செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதும் அதன் வரையறைக்குள் வருகிறது. சிகரெட் வாங்கிவரச் சொல்வது இந்த வரையறைக்கு மிகச் சரியாகப் பொருந்தும். ஆனால் ராகிங் என்றால் கல்லூரி என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகளின்படி, முப்பது வயதை நெருங்கும் ஆய்வு மாணவர்களாகிய நாம் ஆண்டுதோறும் ராகிங்கில் ஈடுபடமாட்டோம் என்று உறுதிமொழி அளிக்கிறோம். நமக்குக் குழு உண்டு, கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதற்கு நிகரான ஏற்பாடு இல்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2015இல் தன் பள்ளிகளுக்கு இதுகுறித்து வழிகாட்டுதல்களை அனுப்பியது. மாநில வாரியப் பள்ளிகளில் படிக்கும் பெரும்பான்மைப் பிள்ளைகள் அந்த வாரியத்தின் எல்லைக்கு வெளியே இருக்கிறார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. 'நாங்குநேரியில் நடந்தது சாதி வன்கொடுமை. அதைப் பள்ளித் துன்புறுத்தல் என்று அழைப்பது சாதியை மறைக்கும் நாகரிகச் சொல்லாகிவிடாதா?' ஆகிவிடக்கூடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் இடத்தில் ஆலோசனை வகுப்பை வைக்க முயல்பவர்கள் உண்டு. அவர்களை எதிர்க்கத்தான் வேண்டும். எனினும் இக்கருத்தாக்கத்தின் பிறப்பை நோக்கினால் வேறொன்று தெரிகிறது. ஸ்வீடனில் 1969இல் பீட்டர் பால் ஹைன்மன் என்ற மருத்துவர், பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து ஒருவரைத் தாக்குவதைக் குறிக்க 'மாபிங்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கருநிறம் கொண்ட தம் வளர்ப்பு மகனை மற்றப் பிள்ளைகள் நடத்திய விதமே அவரை எழுதத் தூண்டியது. இன்று உளவியல் பாடநூல்களில் நிறமும் இனமும் நீங்கிய பொதுச்சொல்லாகத் தெரிவது, நிறவெறியைக் கண்ட ஒருவரின் எழுத்தில் பிறந்தது. பின்னர் டான் ஓல்வியஸ் அதை ஆய்வுப் பொருளாக்கி மூன்று அடையாளங்களை வகுத்தார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவருக்கும் இடையே ஆற்றல் சமமின்மை இருப்பது. 1982இல் நார்வேயின் வடபகுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டபின், மறு ஆண்டே அந்நாட்டில் நாடு தழுவிய பள்ளி இயக்கம் தொடங்கியது.

மூன்றாம் அடையாளமே நமக்கு முதன்மையானது. ஆற்றல் சமமின்மை என்பதை மேலைநாட்டுப் பாடநூல் உடல்வலிமை, வயது, எண்ணிக்கை என்று விளக்கும். நம் பள்ளிகளில் அது பெரும்பாலும் சாதி. ஒல்லியான ஆதிக்க சாதிச் சிறுவன் வலுவான பட்டியல் சாதி மாணவரை ஏவ முடிவது அவன் பின்னால் தெரு இருப்பதால்தான். ஊருக்கு ஊர் இந்த ஆற்றலின் வடிவம் மாறும். ஐதராபாத் வகுப்பறைகளில் மொழியும் அதில் பங்கு வகிக்கிறது. தமிழரை 'அரவ' என்று குறிக்கும் சொல் சொல்பவரின் குரலைப் பொறுத்து வெறும் பெயராகவும் இருக்கும், ஏளனமாகவும் இருக்கும். தெலங்கானா வட்டார வழக்கு நெடுங்காலம் தெலுங்குத் திரைப்படங்களில் அடியாள்களுக்கும் கோமாளிகளுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது என்பது தெலங்கானா இயக்கத்தின்போது பரவலாக எழுந்த குற்றச்சாட்டு. எனவே துன்புறுத்தல் என்ற சொல் சாதிக்கு மாற்றாக வரக் கூடாது. சாதி அன்றாடம் வகுப்பறையில் எப்படி இயங்குகிறது என்பதை, அரிவாள் வருவதற்கு முன்பே காட்டும் சொல்லாக அது வர வேண்டும்.

பெயரிடுதலின் ஆற்றலை இந்நகரம் அறியும். ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவும் தோழர்களும் விடுதியிலிருந்து நீக்கப்பட்டபோது, நிர்வாகத்தின் மொழியில் அது ஒழுங்கு நடவடிக்கை. மாணவர்கள் வளாகத்தில் அமைத்த கூடாரத்துக்கு 'வெலிவாடா' என்று பெயரிட்டார்கள். ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட தலித் குடியிருப்பைக் குறிக்கும் தெலுங்குச் சொல் அது. 2016 ஜனவரி 17க்குப் பிறகு அந்த நடவடிக்கையை அதன் பழைய பெயரால் மட்டும் அழைப்பது யாருக்கும் எளிதாக இல்லை.

இனி, அடையாளம் காண்பது எப்படி? ஆசிரியரும் பெற்றோரும் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றைச் சொல்கிறேன். கேட்ட வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 'அவன் இவனைக் கேலி செய்தான்' என்பதை 'இவன் அவனைக் கேலி செய்தான்' என்று மாற்றினால், அடுத்த நாளும் எல்லாம் இயல்பாக இருக்குமா? இருக்குமென்றால் அது பெரும்பாலும் விளையாட்டு அல்லது சண்டை. பிள்ளைகள் சண்டையிடுவார்கள், சேர்வார்கள். அதையெல்லாம் குற்றமாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திருப்பிப் போட்ட வாக்கியத்தைக் கற்பனை செய்யவே இயலவில்லை என்றால், அல்லது அப்படி நடந்தால் இவனுக்கு அடி விழும் என்றால், அது துன்புறுத்தல். அங்கே 'இரண்டு பேர் மேலும் தப்பு இருக்கிறது' என்ற வழக்கமான தீர்ப்புக்கு இடமில்லை.

மற்ற அறிகுறிகள் நம் கண்முன்னே இருப்பவைதான். காரணமின்றி நீளும் விடுப்பு, காலை நேரத்து வயிற்றுவலி, அடிக்கடி தொலையும் பேனாவும் பணமும், இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் போகாமல் அடக்கிக்கொள்வது, வழக்கமான பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததில் வருவது, படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்ற திடீர்ப் பேச்சு. இவற்றுள் வராமை முதன்மையானது. ஜப்பான் 2013இல் இயற்றிய பள்ளித் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், துன்புறுத்தலால் ஒரு பிள்ளை நெடுநாள் பள்ளிக்கு வர இயலாமல் போவதையே, உயிருக்கும் உடலுக்கும் நேரும் கடும் கேட்டோடு சேர்த்து, 'கடுமையான நிலை' என்று வகைப்படுத்துகிறது. நம் பள்ளிகளில் வருகைப்பதிவேடு நாள்தோறும் எழுதப்படுகிறது. அதை ஓர் எச்சரிக்கை ஆவணமாகப் படிக்கும் வழக்கந்தான் இல்லை.

கண்டபின் செய்ய வேண்டியவற்றுள் முதலாவது, ஒன்றைச் செய்யாதிருத்தல். இருவரையும் அருகருகே நிறுத்திக் கைகுலுக்கச் சொல்லும் சமாதானத்தை விட்டுவிட வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்திலிருந்து பள்ளிக்கு வந்த வழக்கம் அது. சமமானவர்களின் சண்டைக்கு அது உதவும். துன்புறுத்தலில் அது, துன்பப்பட்டவர் வாய்திறந்துவிட்டார் என்ற செய்தியை மற்றவர்களுக்குக் கொண்டுசேர்ப்பதோடு முடிகிறது. முறையிட்ட பின்வரும் சில மணி நேரமே மிகுந்த ஆபத்து நிறைந்தது என்பதை நாங்குநேரி காட்டியிருக்கிறது. எனவே வரிசை இப்படி இருக்க வேண்டும். பிள்ளையிடம் தனியே பேசி, சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே நாளிட்டு எழுதிக்கொள்வது. அன்று வீடு திரும்பும் வழியும், அன்றிரவும் பாதுகாப்பானவையா என்று உறுதிசெய்வது. தேவையெனில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் காவல் துறைக்கும் தெரிவிப்பது. அதன்பிறகே எதிர்த்தரப்பை அழைப்பது. வேறு வகுப்புக்கோ வேறு பள்ளிக்கோ மாற வேண்டியவர் துன்பப்பட்டவர் என்ற எழுதா விதியையும் கைவிட வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனவரால் அப்பள்ளியின் 'பிரச்சினை' தீர்ந்ததாகக் கணக்கு எழுதப்படுகிறது.

நாங்குநேரிக்குப் பின் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. சாதியைக் காட்டும் கையிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குவது, அகர வரிசையில் மாணவர்களை அமர்த்துவது என்னும் பரிந்துரைகளே பெரிதும் விவாதிக்கப்பட்டன. கயிற்றைப் பற்றிய கூச்சலில் அமுங்கிப்போன பரிந்துரை ஒன்று உண்டு. 500க்கு மேல் மாணவர்கள் உள்ள மேல்நிலைப் பள்ளிகளில் மாணவர் நலனுக்கென ஓர் அலுவலரை அமர்த்தி, ராகிங், போதைப்பொருள், பாலியல் துன்புறுத்தல், சாதிப் பாகுபாடு ஆகியவற்றைக் கவனிக்கச் செய்வது. பள்ளியைப் பற்றிப் பேசும்போது ராகிங் என்ற சொல் அங்கே வருவதைக் கவனியுங்கள். முறையீட்டைக் கேட்பதற்கென்றே ஒருவர் இருந்தால், சொல்வது கோள் ஆகாது. என் பார்வையில் கயிற்றுத் தடையைவிட இதுவே அடிப்படையானது.

துன்புறுத்துபவரும் பிள்ளைதான் என்பதையும் மறக்கலாகாது. தண்டனை வேண்டிய இடத்தில் இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஏவுவதற்கு ஒருவரும் ஏவப்படுவதற்கு ஒருவரும் உண்டு என்பதை அவன் வீட்டிலும் தெருவிலும் கற்று வந்திருக்கிறான். சிகரெட் வாங்கிவரச் சொன்ன முதல் நாளிலேயே ஒருவர் தடுத்திருந்தால், காப்பாற்றப்பட்டிருப்பவர்களுள் அவனும் ஒருவன்.

கடைசியாக, ஆய்வாளர்களாகிய நமக்கு உள்ள வேலை. பீட்டர் ஸ்மித்தும் உடனாய்வாளர்களும் 2002இல் 14 நாடுகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 25 கோட்டோவியங்களைப் பிள்ளைகளிடம் காட்டி, அவர்களுடைய மொழியில் உள்ள எந்தச் சொல் எந்தப் படத்துக்குப் பொருந்தும் என்று கேட்டார்கள். 14 வயதினர் சண்டையையும் துன்புறுத்தலையும் ஓரளவு வேறுபடுத்தினார்கள். 8 வயதினருக்கு அந்த வேறுபாடு அவ்வளவாகப் பிடிபடவில்லை. சொல்லை மாற்றிக்கொடுக்க வேண்டிய வயது எது என்பதற்கு இது ஒரு குறிப்பு. அந்தப் 14 நாடுகளுள் இந்தியா இல்லை. நம் வினாநிரல்களில் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதிப் பொருளை எழுதிவிட்டு, வரும் விடைகளை எண்ணிக்கொண்டிருந்தால், பிள்ளைகள் எதை நினைத்து விடையளித்தார்கள் என்பது நமக்கு ஒருபோதும் தெரியாது.

தமிழிலும், தெலுங்கிலும், தக்கினி உருதுவிலும், லம்பாடியிலும் பிள்ளைகள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று தொகுப்பது ஓர் ஆண்டில் முடியக்கூடிய வேலை. பெரிய நிதியும் தேவையில்லை. அத்தொகுப்பு பி.எட். வகுப்பறைக்குப் போய்ச் சேர்ந்தால், 'டார்ச்சர் பண்றாங்க' என்று ஒரு பிள்ளை சொல்லும்போது வருங்கால ஆசிரியர் அதை முறையீடாகக் கேட்கப் பழகுவார். மொழியியலோடு கல்வியியலும் உளவியலும் படிக்கும் நண்பர்கள் இதில் சேர விரும்பினால் எழுதுங்கள். ஆசிரியர்களாக உள்ள நண்பர்கள், தங்கள் வகுப்பில் கேட்ட சொற்களை, பிள்ளைகளின் பெயரோ பள்ளியின் பெயரோ இல்லாமல், பின்னூட்டத்தில் பதிந்தால் தொடங்குவதற்கு அதுவே போதும்.